பிறந்த குதிரைக்குட்டியின் கண்ணில் புண்: கண்டுபிடிப்பதும் மருந்திடுவதும்

வளர்ந்த குதிரையின் கண்ணில் கீறல் விழுந்தால் இமையை இறுக்கிக்கொள்ளும், கண்ணீர் ஒழுகும். நோயுற்றுப் படுத்திருக்கும் பச்சிளங்குட்டி இரண்டையும் செய்யாமல் இருக்கலாம். அதன் கருவிழிக்கு, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்துக்கு, உணர்ச்சி குறைந்துவிடுகிறது. வைக்கோல் உரசி உண்டான புண் சத்தமில்லாமல் ஆழமாகும். எழ முடியாத குட்டிக்குத் தலையின் கீழ் சுத்தமான துண்டை விரித்து, தினமும் இரண்டு கண்களையும் பார்த்துவிடுங்கள்.

தாய்க்குதிரை கண்ணெதிரே நிற்கட்டும். ஒருவர் ஒரு கையைக் குட்டியின் மார்புக்கு முன்னும் மறு கையைப் பின்புறத்திலும் கொடுத்துப் பிடிக்க, மற்றவர் அரை இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கையை முகத்தருகே வீசினால் இமைக்கவில்லை என்று குருடாக எண்ணிவிடாதீர்கள். அந்தப் பழக்கம் வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கூர்மையான வெளிச்சத்துக்குக் கண் கூசுகிறதா என்பதே சரியான சோதனை.

புண்ணை உறுதிசெய்வது ஃபுளோரசின் சாயம்தான். சாயத்தாளில் ஓரிரு சொட்டு சலைன் விட்டு, இமையின் உட்புறத்தில் தொடுங்கள். தாள் கருவிழியில் பட்டால் அந்த இடமும் நிறம் பிடித்து ஏமாற்றும். பிறகு சலைனால் கழுவி, நீல ஒளியில் பாருங்கள். பச்சையாக ஒளிர்ந்தால் புண். சுற்றிலும் பச்சை வளையம், நடுவில் தெளிவு என்றால் நிம்மதி அடையாதீர்கள்! புண் கடைசிப் படலம்வரை இறங்கிவிட்டது. அந்தப் படலம் சாயம் ஏற்காது, எந்நேரமும் கிழியலாம். உடனே கால்நடை மருத்துவர் வேண்டும்.

அடுத்து இமை. நீரிழப்பு உள்ள குட்டிக்கும் குறைமாதக் குட்டிக்கும் கீழிமை உள்ளே சுருண்டு, முடி கருவிழியை அறுக்கும். இதைச் சரிசெய்யாமல் எத்தனை மருந்து விட்டாலும் புண் ஆறாது. விரலால் வெளியே உருட்டி, உயவுக் களிம்பு இடுங்கள். மீண்டும் மீண்டும் சுருண்டால் மருத்துவர் தற்காலிகத் தையல் போடுவார். இந்த வயதில் தோலை வெட்டி நிரந்தர அறுவை செய்யக் கூடாது. உடம்பு தேறியதும் இமை தானே நிமிரும். வெட்டியிருந்தால் பின்னாளில் வெளிப்பக்கம் மடங்கிவிடும்.

சாதாரணப் புண்ணுக்கு, மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக் மருந்தை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இடுவது வழக்கம். வலி தணிக்கவும் கண்பாவை விரியவும் 1% அட்ரோபின். விரிந்ததும் இடைவெளியைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் அது குடலை மந்தமாக்கும். இரண்டு மருந்துகளுக்கிடையே 5 நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த மருந்து புண்ணுள்ள கண்ணுக்குள் போகவே கூடாது. பல கூட்டு மருந்துகளில் அது ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். ஃப்ளூனிக்ஸின் வலியைக் குறைக்கும். ஆனால் நீரிழந்த குட்டியின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் புண்படுத்தும். அளவை மருத்துவரே முடிவுசெய்யட்டும்.

புண்ணின் ஓரம் சாம்பல் நிறமாகிக் கூழ்போலக் குழைந்தால் நொதிகள் கருவிழியைக் கரைக்கின்றன. அப்போது தாய்க்குதிரையின் ரத்தத்திலிருந்து சுத்தமாகப் பிரித்த சீரத்தை (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரை) 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணில் விடுவார்கள். குளிர்பெட்டியில் வையுங்கள், குப்பி முனை கண்ணில் படக் கூடாது.

வெள்ளை விழியில் ரத்தத் திட்டு இருந்தால், பிரசவத்தின்போது நசுங்கியது. சாயச் சோதனையில் புண் இல்லையென்றால் ஓரிரு வாரத்தில் மறையும். மாறாக, கண்பாவை சுருங்கி உள்ளே மஞ்சள், பச்சைப் படிவு தெரிந்தால், குறிப்பாக இரு கண்ணிலும், அடிபட்டதாக நினைக்காதீர்கள். ரத்தத்தில் தொற்று பரவியிருக்கலாம். தொப்புளையும் மூட்டுகளையும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

ஓரிரு நாளுக்கு ஒருமுறை மறுபடி சாயமிட்டுப் புண்ணை அளந்து குறியுங்கள். மேலோட்டமான புண் ஏறக்குறைய ஒரு வாரத்தில் மூடும். சுருங்கவில்லையென்றால் மருந்தை மாற்றுவதற்கு முன், மூன்றாம் இமைக்கு (கண்ணின் உள்மூலையில் இருக்கும் சவ்வுக்கு) பின்னால் வைக்கோல் துணுக்கு சிக்கியிருக்கிறதா என்று மரப்பு மருந்திட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.