கை விழுந்தவர் வீட்டில் முதல் நாள்: இளம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கு

பக்கவாதம் வந்தவருக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்க அவர் வீட்டுக்கு முதல் தடவை போகிறீர்களா? பையில் இருக்கும் பயிற்சிக் கட்டைகளையும் கிளிப்புகளையும் உடனே வெளியே எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "கை விழுறதுக்கு முன்னாடி ஒரு நாள் எப்படிம்மா போகும்?" என்று கேளுங்கள். எழுந்தது முதல் படுக்கிறவரை அவர் சொல்லட்டும். என்ன பயிற்சி தருவது என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும்.

சாப்பாட்டில் தொடங்கலாம். அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று மதிப்பெண் போட, 1965-இல் வந்த பார்த்தல் (Barthel) அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். சாப்பிடுவதற்கு மதிப்பெண் போடும்போது, உணவை வெட்டவும் வெண்ணெய் தடவவும் உதவி வேண்டுமா என்று பார்க்கச் சொல்கிறது அது. நாமோ சோற்றைப் பிசைந்து, விரல் நுனியில் திரட்டி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுகிறோம். மதிப்பெண்ணைப் போடுங்கள், கூடவே பிசைவது, திரட்டுவது, தள்ளுவது மூன்றில் எது முடியவில்லை என்று தனியாக எழுதுங்கள். அதைத்தான் பழக்க வேண்டும்.

வலது கை விழுந்தவரிடம் "இடது கையால சாப்பிடுங்க" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கழுவுகிற கை அது. கல்யாணப் பந்தியில் அதை இலையில் வைக்கக் கூசித்தான் பலர் விசேஷங்களுக்கே போவதில்லை. இப்போதைக்கு இடது கையில் ஸ்பூன் பரவாயில்லையா என்று அவரையே கேளுங்கள். வலது கையில் கொஞ்சம் அசைவு இருந்தால் இட்லியில் ஆரம்பியுங்கள், அப்புறம் பொங்கல், அப்புறம் குழைந்த சாம்பார் சாதம். ரசம் சாதம் கடைசியில். விளிம்பு உயர்ந்த தட்டின் அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. இதற்கெல்லாம் முன்னால், விழுங்கும்போது புரை ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மருமகள். "அத்தை உட்காரட்டும், நான் பார்த்துக்கறேன்" என்பார். அதில் அன்பும் உண்டு, மாமியாரை வேலை வாங்குகிறாள் என்று தெரு பேசுமோ என்ற பயமும் உண்டு. சுயசார்பு பற்றி அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். "இது பயிற்சி, தினம் சின்ன வெங்காயம் இவங்கதான் உரிக்கணும்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழி நம் மேல் வரட்டும். தண்ணீரில் ஊறிய வெங்காயத்தை விழுந்த கை பிடிக்க, நல்ல கை உரிக்கும். அரிவாள்மனை மட்டும் வேண்டாம்; உணர்வு குறைந்த கைக்கு வெட்டுப்பட்டது தெரியாது.

ஆண்கள் பெரும்பாலும் டீக்கடையைச் சொல்வார்கள். நல்ல இலக்குதான். கிளாஸில் பாதி மட்டும் ஊற்றும்படி மாஸ்டரிடம் சொல்லி வையுங்கள். ஆனால் முதலில் ஊரை விசாரியுங்கள். யார் பெஞ்சில் உட்காரலாம், யார் நின்றபடி குடிக்க வேண்டும் என்று சாதி பார்க்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. நிற்க முடியாதவரை அங்கே அனுப்பி என்ன பயன்? அவர் புகார் கொடுக்க நினைத்தால் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது நம் வேலையில்லை என்று ஒதுங்காமல் கூடப் போங்கள். வேண்டாம் என்றால், மரியாதையாக உட்காரக்கூடிய இடம் எது என்று அவரையே கேட்டு, அங்கே போக எத்தனை படி, எவ்வளவு தூரம் என்று அளந்துவிட்டு வாருங்கள்.