பழைய, பழமையான, தொன்மையான: எதை எங்கே போடுவது?

கும்பகோணத்தில் 26 வருஷமாக அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். குடமுழுக்குப் பத்திரிகை வந்தால் முதல் வரியிலேயே பேனா இறங்கிவிடும். "மிகப் பழமையும் தொன்மையும் புராதனமும் வாய்ந்த" என்று அடுக்கியிருப்பார்கள். மூன்றும் ஒன்றுதானே சார் என்பார்கள். ஒன்றுதான் என்றால் ஒன்றே போதுமே!

'பழைய' என்ற சொல்லில் வயதே இல்லை. புதுசு ஒன்று வந்துவிட்டது, அவ்வளவுதான். தஞ்சாவூரில் புது பஸ் ஸ்டாண்டு வந்ததால்தான் மற்றது பழைய பஸ் ஸ்டாண்டு ஆனது. நேற்று வடித்து நீர் ஊற்றிய சோறு, விடிந்தால் பழையது. 'பழைய கோயில்' என்று அச்சடித்தால், அப்போ புதுக்கோயில் எங்கே என்று கேட்பார்கள்.

வயதைச் சொல்ல 'பழமையான'. வருஷக் கணக்கு கையில் இருந்தால் இதைப் போடுங்கள். பெரிய கோயிலை ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்தான். 'ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயில்' என்றால் கச்சிதம். திண்ணையும் முற்றமுமாக இருக்கும் தாத்தா வீடும் பழமையானதே. அதைப் போய்த் 'தொன்மையான வீடு' என்றால் எனக்குச் சிரிப்பு வரும்.

தொன்மைக்கு இன்னும் ஆழம் வேண்டும். எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத மொழி, குடி, மரபு இவற்றுக்குப் பொருந்தும். கரிகாலன் பேரோடு சொல்லப்படும் கல்லணைக்குத் தாராளமாகப் போடலாம். சுவாமிமலையில் போன மாதம் வார்த்த ஐம்பொன் சிலை புதுசு. ஆனால் மெழுகில் உரு செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிறார்களே, அந்த முறை தொன்மையானது. சிலையையே தொன்மையானது என்று யாராவது விற்றால் அது போலீஸ் விவகாரம்.

புராதனம் வடசொல். தனியாக வந்தால் விட்டுவிடுவேன்.

அப்புறம் எழுத்து. தொல் என்பதோடு மை சேரும்போது ல் திரிந்து ன் ஆகிறது. அதனால் தொன்மைக்கு இரண்டு சுழி. தொண்ணூறு எழுதிப் பழகிய கை மூன்று சுழி போட்டுவிடும். தொல்குடி, தொல்பொருள் என்று 'தொல்' நேரே ஒட்டும்போது இந்தத் தொந்தரவு இல்லை.

நானே ஒருமுறை 'தொண்மை'யை விட்டுவிட்டேன்; 500 பத்திரிகையும் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. விழா அன்று பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழாசிரியர் ஒன்றும் பேசவில்லை. அந்த எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பத்திரிகையை என் மடியில் வைத்தார்.