பெர்லில் பழைய கோப்பை அழிக்காமல் புதுக் கோப்பு திறப்பது எப்படி

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட ஆபிஸ் ஒன்றில் அன்றைய செம்பனைக் குலை எடையைப் பெர்ல் (Perl) நிரல்மொழி ஸ்கிரிப்ட் ஒன்று கோப்பில் எழுதி வைக்கிறது என்று வையுங்கள். கோப்பின் பெயர் தேதிதான். காலையில் ஒரு கிராணி ஓட்டிவிட்டார், மத்தியானம் இன்னொருவர் மறுபடி ஓட்டுகிறார். கோப்பைத் திறக்கும் ஓப்பன் (open) கட்டளையில் '>' குறி இருந்தால் காலைக் கணக்கு போயே போச்சு, ஏனென்றால் திறந்த உடனே, ஒரு எழுத்து எழுதுவதற்கு முன்பே, '>' உள்ளே இருப்பதைக் காலி செய்துவிடும். '+>' போட்டாலும் அதே கதிதான். எச்சரிக்கை எதுவும் வராது. வெட்டுகிறவரின் கூலி அந்த எடையில்தான் இருக்கிறது, அதனால் இதைச் சின்ன விஷயமாக விடக்கூடாது.

பலரும் உடனே செய்வது, '-e' சோதனையில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் திறப்பது. இது போதாது. பார்ப்பதற்கும் திறப்பதற்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு, அதற்குள் வேறொரு புரோகிராம் அதே பெயரில் கோப்பை உருவாக்கி எழுதிவிட்டால் உங்கள் '>' அதைத் துடைத்துவிடும். இரண்டு டிவிஷன் கிராணிகள் ஒரே ஃபோல்டரில் வேலை செய்தால் இது நடக்கும்.

சரி, என்ன செய்வது? பார்ப்பதையும் உருவாக்குவதையும் ஒரே வேலையாக இயங்குதளத்திடம் கொடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்டின் மேலே யூஸ் (use) வரியில் எஃப்கன்ட்ரோல் (Fcntl) மாட்யூலைச் சேர்த்து, ஓப்பனுக்குப் பதில் சிஸ்ஓப்பன் (sysopen) போடுங்கள்: முதலில் ஹேண்டில் (திறந்த கோப்பைக் குறிக்கும் மாறி), அடுத்து கோப்பின் பெயர், மூன்றாவதாக ஓ_ரைட்ஒன்லி (O_WRONLY), ஓ_கிரியேட் (O_CREAT), ஓ_எக்ஸ்குளூசிவ் (O_EXCL) மூன்றையும் '|' குறியால் சேர்த்து. கடைசியில் அனுமதி எண் 0666, உமாஸ்க் (umask) என்ற அனுமதி வடிகட்டி அதிலிருந்து வேண்டியதைக் குறைத்துக்கொள்ளும். உயிர் இருப்பது ஓ_எக்ஸ்குளூசிவில்தான். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால், அது சிம்லிங்காக (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பாக) இருந்தாலும், சிஸ்ஓப்பன் தோற்றுத் திரும்பும், பழையதைத் தொடாது.

தோற்றால், பிழையைச் சொல்லும் '$!' மாறி என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'கோப்பு ஏற்கெனவே உள்ளது' (EEXIST) என்ற பிழையாக இருந்தால் மட்டும் பெயரின் பின்னால் _1, _2 என்று எண்ணைக் கூட்டி லூப்பில் மறுபடி முயலுங்கள். ஃபோல்டரே இல்லை, அனுமதி இல்லை என்பது போன்ற வேறு பிழை என்றால் டை (die) போட்டு நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் லூப் முடிவில்லாமல் சுற்றும்.

அப்புறம் ஒன்று, கோப்பின் பெயரை மாற்றும் ரீநேம் (rename) கட்டளையையும் நம்பிவிடாதீர்கள், அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் கேட்காமலேயே அதன் மேல் போட்டுவிடும். தற்காலிகக் கோப்புதான் வேண்டும் என்றால் பெர்லோடு வரும் ஃபைல்::டெம்ப் (File::Temp) மாட்யூல் போதும், பெயரையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.