எபிதீலிய ஸ்லைடை இனம்காண்பது எப்படி?

எபிதீலியம் என்பது உறுப்புகளின் உள், வெளிப் பரப்புகளை மூடும் செல்படலம். அதன் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்ததும் 40x லென்ஸுக்குப் போய்விடாதீர்கள். முதலில் 4x-இல் வெற்றிடத்தை ஒட்டிய விளிம்பைத் தேடுங்கள். எபிதீலியத்தின் ஒரு பக்கம் திறந்தே இருக்கும். மறுபக்கம் அடிச்சவ்வின் (செல்களுக்கு அடியிலுள்ள மெல்லிய படலம்) மேல் அமர்ந்திருக்கும். இந்த இரண்டு எல்லைகளும் கண்ணில் பட்ட பிறகு 10x, அதன்பின் 40x.

ஹீமடாக்சிலின்-இயோசின் சாயத்தில் செல்களின் எல்லைக்கோடு பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. கருநீலமாகத் தெரியும் உட்கருவை நம்புங்கள். உட்கரு தட்டையாகக் கிடந்தால் தட்டை எபிதீலியம் (நுரையீரல் காற்றறை). உருண்டையாக நடுவில் இருந்தால் கனசதுரம் (சிறுநீரக நுண்குழல்). நீள்வட்டமாக, அடிப்பக்கம் வரிசைகட்டி நின்றால் தூண் எபிதீலியம் (சிறுகுடல்). சிறுகுடலில் இடையிடையே வெளிறிய குமிழ்கள் தெரியும். அவை ஓட்டைகள் அல்ல, கோப்பைச் செல்கள். உள்ளிருக்கும் சளிப்பொருள் இந்தச் சாயத்தை ஏற்பதில்லை.

பல அடுக்கு இருந்தால் பெயர் வைப்பது மேலடுக்கை வைத்துத்தான். அடியில் உள்ள செல்கள் கனசதுரமாகவோ தூணாகவோ இருக்கும். அதைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். மேல்செல்கள் தட்டையாக, உட்கருவோடு இருந்தால் உணவுக்குழாய். உட்கருவே இல்லாத இளஞ்சிவப்புக் கெரட்டின் படலம் மூடியிருந்தால் தோல்.

அதிகம் குழப்புவது மூச்சுக்குழாய். உட்கருக்கள் மேலும் கீழுமாக இருப்பதால் பல அடுக்குபோலத் தோன்றும். ஆனால் எல்லாச் செல்களும் அடிச்சவ்வைத் தொடுகின்றன, சில மட்டும் மேற்பரப்பை எட்டுவதில்லை. இது பொய்யடுக்கு எபிதீலியம். மேலே தனித்தனி மயிர்களாகக் குறுயிழைகள் தெரிகின்றனவா பாருங்கள். சிறுகுடலின் தூரிகை விளிம்பு (செல்களின் மேல்முனையிலுள்ள மிக நுண்ணிய நீட்சிகளின் வரிசை) அப்படிப் பிரிந்து தெரியாது, ஒரே மெல்லிய கோடாகத்தான் இருக்கும்.

சிறுநீர்ப்பையில் மேல்செல்கள் பெரிதாக, குவிந்த முகட்டோடு இருக்கும். சிலவற்றில் இரண்டு உட்கருக்கள். பை விரிந்த நிலையில் எடுத்த வெட்டு என்றால் இதே செல்கள் தட்டையாகிவிடும், அடுக்குகளும் குறைந்து தோன்றும். அதை உணவுக்குழாய் என்று எழுதிவிட வேண்டாம்.

சாய்வாக வெட்டுப்பட்ட இடத்தில் ஒற்றை அடுக்கும் பல அடுக்காகத் தெரியும். குடலுறிஞ்சிகளின் (சிறுகுடல் உட்சுவரிலுள்ள விரல் போன்ற நீட்சிகள்) ஓரங்களில் இது அடிக்கடி நேரும். சந்தேகம் வந்தால் ஸ்லைடை நகர்த்தி, அடிச்சவ்வு மெல்லிய கோடாகவும் செல்கள் அதற்குச் செங்குத்தாகவும் உள்ள இடத்தைப் பிடியுங்கள். அடுக்குகளை அங்கேதான் எண்ண வேண்டும்.