உடைந்த பிளாஸ்டிக் ராக்கெட்டை ஒட்டுவது எப்படி?

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடையில் வாங்கிய ராக்கெட் பரணில் உடைந்து கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்; அந்த மலிவு வார்ப்பின் அழகு இன்றைய பொம்மைகளில் இல்லை.

முதலில் உடைந்த சில்லைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் வகை. சாதாரணப் பசை எதுவும் நிற்காது, 1 மி.மீ. துளைகள் போட்டு மெல்லிய செம்புக் கம்பியால் தைக்க வேண்டும்.

மூழ்கினால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். சூப்பர் க்ளூ ஊசிமுனையளவு போதும். கூடினால் ஆவி படிந்து வெள்ளை பூக்கும். அதனால் விமானி அமரும் கண்ணாடிக் கூண்டுக்கு மட்டும் இருபாகப் பசையான எபாக்ஸி. நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்கவே கூடாது, அதிலுள்ள அசிட்டோன் பாலிஸ்டைரீனைக் கரைக்கும்.

நிழலில் 24 மணி நேரம் காயட்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் இறக்கை வளைந்துவிடும்.