இடைவினையைக் கணக்கிடுவது எப்படி

ஒரு காரணியின் விளைவு, இன்னொரு காரணி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறினால் அது இடைவினை. இரண்டு காரணிகளும் சேர்ந்தே காணப்படுவது வேறு, அது ஒட்டுறவு. பலரும் குழம்புவது இங்கேதான்.

முதலில் நான்கு கட்டம் போடுங்கள். வட அமெரிக்க ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களைப் பற்றி 1979-இல் வெளியான ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் இறப்பு ஆண்டுக்கு லட்சம் பேருக்கு இவ்வளவு:

இரண்டும் இல்லாதவர்கள்: 11.3
ஆஸ்பெஸ்டாஸ் மட்டும்: 58.4
புகைப்பழக்கம் மட்டும்: 122.6
இரண்டும்: 601.6

இப்போது கழியுங்கள். புகைக்காதவர்களிடம் ஆஸ்பெஸ்டாஸ் கூட்டியது 47.1, புகைப்பவர்களிடம் 479. இந்த இரண்டின் வித்தியாசமான 431.9தான் கூட்டல் அளவுகோலில் இடைவினை. மிகப் பெரியது. அதே எண்களை வகுத்துப் பாருங்கள்: புகைக்காதவர்களிடம் 5.2 மடங்கு, புகைப்பவர்களிடம் 4.9 மடங்கு. பெருக்கல் அளவுகோலில் இடைவினை ஏறக்குறைய இல்லை! ஆகவே அளவுகோலைச் சொல்லாமல் 'இடைவினை இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ எழுதாதீர்கள். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஆம்/இல்லை என்ற முடிவைக் காரணிகளோடு இணைத்துக் கணிக்கும் புள்ளியியல் முறை) பார்ப்பது பெருக்கல் அளவுகோலை. எத்தனை உயிர் காப்பாற்றலாம் என்பது கேள்வியானால் கூட்டல் அளவுகோலே பொருந்தும்.

இப்படியான ரிக்ரஷன் மாடலில் இரண்டு மாறிகளையும் (அதாவது காரணிகளையும்) பெருக்கி, தரவு அட்டவணையில் ஒரு புதிய பத்தி சேர்க்க வேண்டும். பழைய இரண்டையும் நீக்கக் கூடாது. சேர்த்த பிறகு, முதல் மாறியின் கெழு (மாடல் அந்த மாறிக்குத் தரும் எண்) இரண்டாவது மாறி பூச்சியமாக இருக்கும்போதுள்ள விளைவை மட்டுமே காட்டும். இரண்டாவது மாறி வயது என்றால், அது பிறந்த குழந்தைக்கான விளைவு! வயதிலிருந்து சராசரியைக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள். பெருக்கல் உறுப்பின் கெழு மாறாது, மற்றவற்றுக்குப் பொருள் வந்துவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ஆண்களில் விளைவு 10, பெண்களில் 6, இரண்டுக்கும் திட்டப்பிழை (மதிப்பீடு தற்செயலாக எவ்வளவு விலகக்கூடும் என்பதன் அளவு) 4 என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத மட்டத்தில் தேற, விளைவு திட்டப்பிழையைப்போல் ஏறக்குறைய இரு மடங்காவது இருக்க வேண்டும்; முதலாவது தேறும், இரண்டாவது தேறாது. உடனே 'ஆண்களுக்கு மட்டும் பலன்' என்று எழுதிவிடுகிறார்கள். வித்தியாசம் வெறும் 4. அதன் திட்டப்பிழை 5.7. ஆண், பெண் வேறுபாட்டுக்கு இதில் ஆதாரமே இல்லை. வித்தியாசத்தையே நேரடியாகச் சோதியுங்கள், நம்பிக்கை இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சோடு) வெளியிடுங்கள்.

கடைசியாக, மாதிரி அளவு. நான்கு கட்டத்திலும் சம எண்ணிக்கை இருந்தாலும், வித்தியாசத்தின் வித்தியாசத்துக்கு, அதாவது இடைவினைக்கு, திட்டப்பிழை முதன்மை விளைவைப்போல் (ஒரு காரணியின் சராசரி விளைவைப்போல்) இரு மடங்கு. அதே அளவு இடைவினையைப் பிடிக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். தரவு சேகரிக்கும் முன்பே இதைத் திட்டமிட்டுவிடுங்கள்.