எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் இன்டர்வியூ: திறமை இருந்தும் வாய்ப்பைக் கோட்டைவிடும் தவறுகள்

பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட், அதாவது உயர் அதிகாரியின் உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வரும் எல்லோருக்குமே அவுட்லுக் என்ற மெயில், காலண்டர் மென்பொருள் தெரியும், பயண டிக்கெட் போடத் தெரியும், செலவுக் கணக்கு சமர்ப்பிக்கத் தெரியும். ஆகவே இவற்றைச் சொல்லி யாரும் முந்த முடியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: நான் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மணி நேரத்தில், என் பெயரில் இவர் சரியான முடிவெடுப்பாரா?

"துணைத் தலைவரின் காலண்டரைப் பார்த்துக்கொண்டேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது இங்கே எடுபடாது. எத்தனை பேருக்கு உதவியாக இருந்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மீட்டிங் அழைப்புகள் வந்தன, அவற்றில் எதையெல்லாம் மறுத்தீர்கள், எதுவரை கேட்காமலே முடிவு செய்யும் உரிமை இருந்தது? இந்த விவரங்கள்தான் வேலையின் கனத்தைக் காட்டும். "நாங்கள் செய்தோம்" என்றே பேசிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு எது என்று கேட்பவருக்குப் பிடிபடாது.

அதிகம் பேர் சறுக்கும் இடம் காலண்டர் பயிற்சி. "சான் பிரான்சிஸ்கோ, லண்டன், சிங்கப்பூர் மூன்று குழுவுக்கும் வாராந்தர மீட்டிங் ஒன்று வையுங்கள்" என்பார்கள். உடனே ஒரு நேரத்தைச் சொல்லிவிடுவதுதான் தவறு. ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் காலை 8 மணி என்றால் லண்டனில் மாலை 4, சிங்கப்பூரில் நள்ளிரவு 12. சான் பிரான்சிஸ்கோவில் மாலை 5 என்று மாற்றினால் சிங்கப்பூருக்கு மறுநாள் காலை 9, லண்டனுக்கோ இரவு 1 மணி. மூன்று ஊருக்கும் பொதுவான அலுவலக நேரமே கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு வழிகளை முன்வையுங்கள்: இரண்டு மீட்டிங்காகப் பிரிக்கலாம், அல்லது சிரமத்தை வாரம் ஒரு ஊர் ஏற்கும்படி முறை வைக்கலாம். எல்லா வாரமும் சிங்கப்பூர்க்காரர்களையே நள்ளிரவில் உட்கார வைக்கும் ஏற்பாட்டை எந்த நல்ல உதவியாளரும் வாய்மூடி ஏற்கக் கூடாது.

இதிலேயே இன்னொரு கண்ணி உண்டு. கோடைக்காலத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவே இரண்டு, மூன்று வாரங்களுக்கு சான் பிரான்சிஸ்கோவுக்கும் லண்டனுக்குமான வித்தியாசம் 8 மணி நேரத்திலிருந்து 7 மணி நேரமாகக் குறையும். சிங்கப்பூர் கடிகாரம் மாறுவதே இல்லை. தொடர் மீட்டிங்கை எந்த ஊர் நேரத்தில் பதிந்தீர்களோ அந்த ஊருக்கு மட்டும்தான் நேரம் நிலையாக இருக்கும், மற்றவர்களுக்கு நகரும். இதைக் கேட்காமலே நீங்கள் குறிப்பிட்டால், வேலை தெரிந்தவர் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

ஒரே நேரத்தில் மூன்று மீட்டிங் மோதும் கேள்வியும் வரும். பதவி பெரியவருக்கு முதலிடம் என்று தீர்ப்பதில் பயனில்லை. வெளியாள் யார், எதற்குக் கெடு நெருங்குகிறது, எது ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது, யாருக்குப் பதில் வேறொருவர் போகலாம் என்று கேட்ட பிறகே வரிசைப்படுத்துங்கள். இங்கே கேள்வி கேட்பதும் பதிலில் சேர்த்திதான்.

ரகசியம் காப்பதில் நடக்கும் தவறுக்கு மன்னிப்பே இல்லை. தான் எவ்வளவு முக்கியமான இடத்தில் இருந்தேன் என்று காட்டும் ஆர்வத்தில், பழைய நிறுவனத்தின் ஆட்குறைப்புத் திட்டத்தைக்கூடச் சிலர் பெயர்களோடு சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் அந்த நிமிடமே, நாளை என் விஷயமும் இப்படித்தான் வெளியே போகும் என்று முடிவுகட்டிவிடுவார். விவரம் சொல்ல இயலாது என்று மறுத்துவிட்டு, கையாண்ட முறையை மட்டும் சொல்லுங்கள். உதாரணமாக, மீட்டிங்கைத் 'தனிப்பட்டது' என்று குறித்தாலும், அந்த நேரம் 'பிஸி' என்று மற்றவர்களுக்குத் தெரியும். சட்டம், மனிதவளம், நிதி மூன்று துறைத் தலைவர்களும் ஒரே மாலையில் ஒரு மணி நேரம் 'பிஸி' என்றால் ஊகம் கிளம்பத்தானே செய்யும்? அதற்காக ஒவ்வொருவர் காலண்டரிலும் நேரத்தை முன்பின்னாக அடைத்து வைத்ததாகச் சொன்னால், பெயர் எதுவும் சொல்லாமலே உங்கள் கூர்மை தெரிந்துவிடும்.

அமேசானில், ஊழியர்கள் எப்படிச் செயல்பட வேண்டும் என்று அந்த நிறுவனம் வகுத்திருக்கும் 16 தலைமைக் கோட்பாடுகளை ஒட்டியே கேள்விகள் வரும். ஒரே சம்பவத்தை எல்லாச் சுற்றிலும் சொல்லாதீர்கள். இன்டர்வியூ எடுத்தவர்கள் பிறகு குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆறேழு சம்பவங்களாவது தயாராக இருக்கட்டும்.

அங்கே ஏற்கெனவே இருக்கும் உதவியாளர்களுடனான சுற்றைச் சும்மா அரட்டை என்று எண்ணுவதும் ஆபத்து. அவசரத்துக்கு ஒரு அறையோ, இன்னொரு அதிகாரியின் 15 நிமிடமோ அவர்கள் தயவில்தான் கிடைக்கும். உங்களோடு வேலை செய்ய முடியாது என்று அவர்கள் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம்.

பரீட்சை மெயிலிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எப்போது வசதிப்படும் என்று ஆள் தேர்வைக் கவனிக்கும் ரெக்ரூட்டர் கேட்டால் "எந்த நேரமானாலும் சரி" என்று எழுதாதீர்கள். தேதி, கிழமை, எந்த ஊர் நேரம் என்பதோடு மூன்று நேரங்களைக் கொடுங்கள்.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். "உங்களைக் கேட்காமல் காலண்டரில் நான் எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது?" "போன மாதம் போயிருக்கவே தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றிய மீட்டிங் எது?" இந்த இரண்டையும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்து, இந்த அதிகாரியிடம் நீங்கள் வேலை செய்ய முடியுமா என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.